என் அண்ணன் போட்ட புலி

என் அண்ணன் வாயைத் திறந்தாலே பொய்தான் என்று ஊரில் சொல்வார்கள். அது அநியாயம். தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான், ஒரு பொய்யும் வராது. கூடப் பிறந்தவள் நான் சாட்சி. மற்ற நேரத்துக்கு என்னைக் கேட்காதீர்கள்.

ஊரில் அவனைப் புலிக்காரர் என்பார்கள். ஆற்றோரச் சரணாலயத்தில் அவன் வழிகாட்டி. காக்கிச் சட்டை, ஒரு பக்கம் மடித்துவிட்ட தொப்பி, கழுத்தில் பைனாகுலர். அந்தப் பைனாகுலரின் ஒரு கண் உடைந்து பல காலம் ஆகிறது. இன்னொரு கண்ணில் பூஞ்சை. அதை வைத்துக்கொண்டு அக்கரையில் மேயும் மானுக்கு என்ன வயது, போன வருஷம் குட்டி போட்டதா இல்லையா என்பது வரைக்கும் சொல்லுவான். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். மானா வந்து மறுக்கப் போகிறது?

சரணாலயம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் ஆறு கரை தாண்டி வரும். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராக நிற்கும். வடியும்போது வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். அந்த வண்டலில் ஜீப்பைவிட உயரமாகப் புல் முளைக்கும். புல்லுக்குள் மான் இருக்கிறது, பன்றி இருக்கிறது, மடுவில் நீர்நாய் இருக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். இருந்து என்ன செய்ய, வருகிறவர்களுக்குத் தெரிவது புல்தானே. பிள்ளைகுட்டிகளோடு விடியற்காலையில் எழுந்து வந்து, ஜீப்பில் குலுங்கி, புல்லைப் பார்த்து, கொக்கைப் பார்த்து, மறுபடியும் புல்லைப் பார்ப்பார்கள். வாசலில் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்குப் புலியை எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதினவனும் புலியைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, மீசையைப் பூனைக்கு வைப்பதுபோல் வைத்துவிட்டான்.

ஜீப் சுற்றி வந்து நிற்கும் இடம் படகுத்துறை. அங்கேதான் என் டீக்கடை. என் வீட்டுக்காரர் அந்தத் துறையில் படகு ஓட்டினவர். அவர் போன பிறகு, அவர் படகு கட்டும் மேட்டிலேயே தகரம் போட்டுக் கடை வைத்தேன். முன்னால் அடுப்பு, இரண்டு பெஞ்சு. பின்னால் ஒரே அறை, அதில் தலைக்குமேல் பரண். வெள்ளம் வந்தால் பால் பாத்திரம், தூள் டப்பா, பாய், துணி எல்லாம் பரணில் ஏறிவிடும், நானும் ஏறிவிடுவேன். வடிந்ததும் இறங்கி, அது கொண்டுவந்த வண்டலையே குழைத்துத் தரை மெழுகுவேன். அக்கரையிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் படகை விட்டு இறங்கினால் முதல் டீ என் கையால்தான். எனக்கு இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். அதைத் தின்றது எது என்றுதான் இந்தக் கதை.

அண்ணன் நேராகப் புலிக்கு வந்துவிடவில்லை. முதலில் கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் இருந்தான். எந்தக் கடிகாரத்தைக் கொடுத்தாலும், இதை எப்போதோ கடலில் போட்டிருக்கிறீர்கள் என்பான். கடலையே பார்க்காத ஆட்களிடம் சொல்லுவான். அங்கிருந்து துரத்தினார்கள். பிறகு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் வேலை. உள்ளே போகிறவர்களிடம் படத்தின் முடிவைச் சொல்லிவிடுவான், அதுவும் தப்பான முடிவை. படம் பார்த்து வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் நீ சொன்ன முடிவே நன்றாக இருந்தது என்றார்கள். மீதிப் பேர் முதலாளியிடம் போனார்கள். அந்தக் கொட்டகையின் இரும்புக் கதவில்தான் வலது கை மோதிரவிரலின் முட்டி நசுங்கிக் கோணிக்கொண்டது. கேட்டால் முதலை என்பான்.

பெண் பார்க்கப் போன இடத்தில், நீர்வளத்தில் வேலை என்று சொன்னான். அப்போது ஒரு ஹோட்டலில் தண்ணீர்த் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தான். அண்ணிக்குத் தையல் வேலை. எப்போதும் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பதால் அதிகம் பேச மாட்டாள். கல்யாணத்துக்கு மறுநாளே எல்லாம் தெரிந்துவிட்டது என்றும், வாயில் ஊசி இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறாள். சரணாலயம் திறந்தபோது வாயுள்ள ஆள் வேண்டும் என்று தேடினார்கள். ஊரே ஒரு விரலாக என் அண்ணனைக் காட்டியது.

புலி பிறந்தது இப்படித்தான். வெள்ளம் வடிந்த புதிது. ஒரு குடும்பம் ஜீப்பில் சுற்றி வந்து, ஒன்றையும் காணாமல், ஆளுக்கு ஒரு மூஞ்சியோடு படகுத்துறையில் இறங்கியது. பெரியவர் ஒருவர், இதுக்கு வீட்டிலேயே படுத்திருக்கலாம் என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கின அண்ணன் வழுக்கி, முஷ்டியை மடக்கி வண்டலில் ஊன்றி எழுந்தான். கையை எடுத்த இடத்தில் பின்னால் ஒரு மெத்தை, முன்னால் நாலு விரல் முட்டியின் குழி. பின்னால் வந்த அந்தக் குடும்பத்து அம்மா குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டாள். என் கை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது என் அண்ணனிடம் அல்லவா. உதட்டில் விரலை வைத்தான்.

“சத்தம் போடாதீங்க. இப்பதான் போயிருக்கு.”

அந்தக் குடும்பம் அன்றைக்கு என் கடையில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பெரியவர் இரண்டு தரம் டீ வாங்கிக் குடித்து, சின்ன வயதில் தானும் ஒரு புலியைப் பார்த்ததாக ஆரம்பித்துவிட்டார். அண்ணனுக்கே பொறாமையாகப் போயிற்று.

அதற்குப் பிறகு தினமும் முதல் ஜீப்புக்கு முன்னால் வருவான். வண்டலில் தண்ணீரைத் தெளிப்பான். முன்னங்காலுக்கு முஷ்டியை அகலமாக ஊன்றுவான், பின்னங்காலுக்குக் கொஞ்சம் ஒடுக்குவான். கட்டைவிரலை உள்ளே மடக்க வேண்டும், மறந்துவிட்டால் நாயாகிவிடும் என்பான். வேலை முடிந்ததும் என் கடை வாளியில் கை கழுவிக்கொண்டு, சூடாக ஒன்று போடு பாப்பா என்பான். எனக்குத் தலை நரைத்துவிட்டது, அவனுக்கு இன்னும் பாப்பாதான். ஜீப் டிரைவர்களுக்குத் தெரியும், வாசல்காரனுக்குத் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய்யை யார் போய்த் தட்டிக் கேட்பார்கள்?

அவன் அந்தத் தடத்தை இன்னும் தள்ளி, புல்வெளிக்கு உள்ளே எங்காவது போட்டிருக்கலாம். முழங்கால் வலி. அதனால் கடைக்குப் பின்னால், கடைக்குப் பக்கத்தில், கடைக்கும் படகுக்கும் நடுவில் என்று புலியை என் வீட்டைச் சுற்றியே நடக்கவிட்டான். உனக்கும் வியாபாரம் ஆகுமில்ல என்று என் தலையில் வேறு வைத்தான். அது சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

பொய் சொல்கிறவனை மன்னித்துவிடலாம். தன் பொய்யைத் தானே நம்புகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொஞ்ச நாளில் புலிக்குக் குணம் வந்தது. அதற்குத் தனிமை பிடிக்கும் என்றான். பௌர்ணமிக்கு வராது என்றான். அன்றைக்கெல்லாம் அண்ணனுக்கு மூட்டுவலி கூடுதல். ஒருநாள் டீயை வாங்கிக்கொண்டு, பாவம், இன்று அது சரியாக நடக்கவில்லை, காலில் ஏதோ முள் போலிருக்கிறது என்றான். நிஜமான கவலை அவன் முகத்தில். நீ சரியாகத் தூங்கவில்லை, கையை ஒழுங்காக ஊன்றவில்லை என்றேன். அதற்கு என்மேல் கோபித்துக்கொண்டு பாதி டீயை வைத்துவிட்டுப் போனான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு வெள்ளம் வடிந்த கையோடு ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். மெலிந்த பெண், பெரிய பை, படிப்பில் கெட்டிக்காரி. ஆற்றுவெளியில் என்னென்ன விலங்கு நடமாடுகிறது என்று கண்டுபிடிப்பது அவள் படிப்பு. வண்டலில் இருந்த தடத்தைச் சுற்றி அட்டையை வளைத்து வைத்து, வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பெயர்த்து எடுத்தாள். என் அண்ணனின் கை அவள் கையில் கல்லாக உட்கார்ந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் புலிக்கு ஒரு விரல் கோணல் என்றாள். ஒரு மாதம் கழித்து எடுத்ததிலும் அதே கோணல். அப்படியானால் ஒரே புலி. இங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் புலி. சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர். அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கோணல் விரலால்தான் துடைத்துக்கொண்டான்.

அவள் என் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, கடைக்குப் பின்னாலேயே வருகிறதே, பயமாக இல்லையா அக்கா என்று கேட்டாள். பழகிவிட்டதம்மா என்றேன். அண்ணன் அப்போதுதான் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

மரத்தில் தானாகப் படமெடுக்கும் கேமரா ஒன்றையும் கட்டினாள். தொலைந்தான் இவன் என்று நினைத்தேன். படத்தில் புலி இல்லை. ஒவ்வொரு படத்திலும் அண்ணன் இருந்தான். விடிந்தும் விடியாமலும், மண்டியிட்டு, மண்ணுக்கு முகத்தைக் கொடுத்துக் குனிந்திருந்தான். நமக்கு முன்னாலேயே வந்து தினமும் தடத்தைப் பரிசோதிக்கிறாரே, என்ன சிரத்தை என்று அந்தப் பெண் உருகிப்போனாள். படித்தவர்களுக்குக் கண்ணுக்கு எட்டாததெல்லாம் தெரியும், கண்ணெதிரில் இருப்பது மட்டும் தெரியாது போலிருக்கிறது.

பிறகு எல்லாம் சட்டென்று நடந்தது. சரணாலயத்தில் புலி இருப்பது உறுதியாகிவிட்டது என்று மேலிடத்திலிருந்து அறிவித்தார்கள். சரணாலயத்து ரேஞ்சர் லட்டு கிடைத்த பிள்ளை போல மலர்ந்த முகத்தோடு அலைந்தார். புது ஜீப் வந்தது. வாசலில் இருந்த புலிக்கு மீசையைத் திருத்தினார்கள். என் அண்ணனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுப் பிள்ளைகள் முன்னால் பேசச் சொன்னார்கள். மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டில் அதுவரை இவனை வாசலிலேயே பேசி அனுப்புவார்கள், இப்போது நடுக்கூடத்தில் நாற்காலி போட்டார்கள்.

அதன் பின்னால் வந்ததுதான் எனக்கு விழுந்த அடி. புலி எங்கே நடக்கிறது என்று வரைபடம் போட்டுப் பார்த்தார்களாம். எல்லாத் தடமும் படகுத்துறையைச் சுற்றியே. ஆகவே படகுத்துறைதான் புலியின் இருப்பிடம். புலியின் இருப்பிடத்தில் மனுஷர் இருக்கக் கூடாது. துறையை மூட வேண்டும், படகை ஆற்றின் கீழ்ப்பக்கம் தள்ளிக் கட்ட வேண்டும், கடையையும் வீட்டையும் பிரித்து எடுத்துவிட வேண்டும். எனக்கு வாசலுக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்தில், ஒரு தகரக் கொட்டகை தருவார்கள். ரேஞ்சர் இதை என் கடையில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். உங்க பாதுகாப்புக்குத்தாம்மா என்று வேறு சொன்னார்.

வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்டால் குடையத்தான் செய்யும். ஆனால் விட்டவன் ஒருத்தன், காது என்னுடையது. அன்று கடையை அப்படியே போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் கண்ணாடி முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அண்ணி மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணே, போய்ச் சொல்லு.”

“என்னன்னு சொல்றது?”

“அது புலி இல்ல, என் கைதான்னு சொல்லு.”

அவன் வலது கையைத் திருப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

“அது என் கைதான் பாப்பா. அதுக்காகப் புலியே இல்லன்னு எப்படிச் சொல்றது?”

எனக்கு வந்ததே கோபம். மேஜைமேல் இருந்த துணிக்கட்டைத் தூக்கி அவன்மேல் எறிந்தேன். நீ படுத்துத் தூங்குகிற வீட்டை எவனாவது பிரிக்க வந்தால் தெரியும், என் வீட்டுக்காரர் படகு கட்டின மேடு அது, அவரை நினைத்துக்கொள்ள எனக்கு வேறு இடம் கிடையாது, பஸ் நிற்கும் இடத்தில் போய் எந்தப் படகுக்காக நான் காத்திருப்பேன் என்று கத்தினேன். அழுதும்விட்டேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெல்ல, ரேஞ்சரிடம் பேசி வேறு வழி பார்க்கலாம் என்றான், எல்லாரும் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும் என்றான். கடைசியில் உண்மை வந்தது. சம்பந்தி வீட்டில் நாற்காலி போடுகிறார்கள் பாப்பா, இத்தனை வயதுக்கு இப்போதுதான் போடுகிறார்கள் என்றான். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அறையவும் கை வந்தது.

மிஷின் நின்றது. அண்ணி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

“சொல்லிட்டு வாங்க. சொல்லாம வீட்டுக்கு வராதீங்க.”

அவ்வளவுதான். மறுபடி ஊசியை வாயில் வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சொல்லும் நாளும் தானாக வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் புலியின் இருப்பிடத்தைப் பார்வையிட வந்தார். அவரோடு இரண்டு மூன்று ஜீப் நிறைய ஆட்கள், ரேஞ்சர், ஆராய்ச்சிப் பெண். என் கடை வாசலில்தான் எல்லாரும் இறங்கினார்கள். அண்ணன் தொப்பியோடு முன்னால் நின்றான். அன்றைக்குக் காலையில் அவன் தடம் போடவில்லை, கவனித்தேன். ரேஞ்சர் அங்கும் இங்கும் குனிந்து பார்த்துவிட்டு அண்ணனை முறைத்தார். அண்ணன் அசையவில்லை. சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் வாய் திறந்து மூடியது. பிறந்ததிலிருந்து அந்த வாய்க்கு அப்படியொரு தடங்கல் வந்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஐயா, இங்கே புலியும் இல்லை, பூனையும் இல்லை, அத்தனையும் இதோ நிற்கிறானே இவன் கை என்றேன். கூட்டம் சிரித்தது. அதிகாரி என்னைப் பார்த்து, கடை போகிற வருத்தத்தில் பேசுகிறாய், அது இயற்கைதான், ஆனால் கூடப் பிறந்தவரை இப்படிச் சொல்லக் கூடாது என்று புத்தி சொன்னார்.

அப்போது அண்ணன் தொப்பியைக் கழற்றி என் பெஞ்சில் வைத்தான். வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். தண்ணீர் தெளித்து, கட்டைவிரலை மடக்கி, முஷ்டியை ஊன்றினான். பிறகு ஒடுக்கி ஊன்றினான். முன்னங்கால், பின்னங்கால், முன்னங்கால் என்று என் கடை வாசலிலிருந்து அதிகாரியின் பூட்ஸ் வரைக்கும் ஒரு புலி நடந்து வந்து நின்றது. எல்லாத் தடத்திலும் ஒரு விரல் கோணல். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அதிகாரி குனிந்து பார்த்தார். அவர் குனிந்ததும் கூட வந்தவர்கள் எல்லாரும் குனிந்தார்கள்.

“இவ்வளவு அச்சு அசலா போடணும்னா, இவர் அந்தப் புலியை எவ்வளவு கிட்ட இருந்து, எத்தனை வருஷம் பாத்திருக்கணும்.”

கூட்டம் கைதட்டியது. என் காதையே நான் நம்பவில்லை. அண்ணன் மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தான். இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். போன மானம் அவன் காலடிக்கே திரும்பி வந்து நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து தொப்பியை மாட்டிக்கொள்ளலாம், சம்பந்தி வீட்டு நாற்காலி சாகும்வரை அவனுக்குத்தான். இவன் சொல்லிவிடுவான் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“ஐயா, நான் புலியைப் பாத்ததே இல்ல. வாசல்ல எழுதியிருக்கே, அது ஒண்ணுதான் நான் பாத்த புலி. என் தங்கச்சி சொல்றது நிஜம். அவ கடையை விட்டுடுங்க.”

என் அண்ணன் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு ஜோடனை இல்லை, ஒரு கையசைப்பு இல்லை. அதிகாரி அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பெரிய வேலை செய்கிறவர்கள் இப்படித்தான், தங்களைப் பற்றிப் பேச வெட்கப்படுவார்கள் என்று கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். தங்கைக்காகத் தன் புகழையே விட்டுக்கொடுக்கிறாரே என்றார். சேற்றோடு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். இனி வருகிற வழிகாட்டிகளுக்கெல்லாம் தடம் பார்க்க இவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ரேஞ்சரிடம் சொன்னார். அண்ணன் இல்லைங்க, இல்லைங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆயுசு முழுக்கப் பொய் சொன்னபோது கேட்ட காதுகள் எல்லாம் அன்றைக்கு எங்கே போயின என்று தெரியவில்லை.

எனக்கு மிச்சமிருந்தது ஆராய்ச்சிப் பெண் ஒருத்திதான். அவள் சிரிக்கவும் இல்லை, கைதட்டவும் இல்லை. அண்ணன் விரலைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், முகம் வெளுத்துப் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தேன். நீ சொன்னால் கேட்பார்களம்மா என்றேன்.

“என் படிப்பே இந்தப் புலிமேலதான் இருக்குக்கா.”

கையை உருவிக்கொண்டு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டாள். அவளைச் சபித்தேன். பிறகு, அவள் வயதில் ஒரு மகள் எனக்கு இருந்திருந்தால் வேறு என்ன சொல்லச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

கடையைப் பிரித்தார்கள். தகரம், பரண் பலகை, பெஞ்சு எல்லாவற்றையும் அண்ணனே தலையில் வைத்துச் சுமந்தான். முழங்கால் வலி என்று ஒரு தடவை முனகவில்லை. வேலைக்கு வந்த ஆட்கள், புலிக்காரர் நீங்க எதுக்குச் சார் தூக்குறீங்க என்று தடுத்தார்கள். நான் புலிக்காரன் இல்லப்பா என்றான். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள். அதற்கு முன்னால் அவன்மேல் எனக்கு இருந்தது வெறும் பழக்கம்தான் என்று நினைக்கிறேன், அன்றைக்குத்தான் பாசம் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கதையாக்கிவிடுவான்.

பஸ் நிற்கும் இடத்தில் புதுக் கொட்டகை. புழுதி, ஹாரன் சத்தம், நிற்காமல் போகிற பஸ். அக்கரைக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை, அவர்களுக்குப் படகு இப்போது எங்கேயோ கீழே. அண்ணன் தடம் போடுவதை விட்டுவிட்டான். ஜீப்பில் போகிறவர்களிடம் இது புல், அது கொக்கு என்று மட்டும் சொன்னான். சரணாலயத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். என் பாலும் திரிந்து போக ஆரம்பித்தது. காலையில் காய்ச்சின பாலைச் சாயங்காலம் கீழே ஊற்றும்போது வயிறு எரியும்.

ஒருநாள் அண்ணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். ரேஞ்சர் கூப்பிட்டுப் பேசினாராம். புலி எங்கே போயிற்று என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். தடம் இருந்தால் வேலை இருக்கும், தடம் இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். எங்கே போட வேண்டும் என்று இடத்தையும் அவரே காட்டினாராம். படகுத்துறை மேட்டில், கடை இருந்த இடத்தில்.

“அங்க போய்க் கையை ஊன்ற மாட்டேன் பாப்பா. வேலை போனாப் போகட்டும். நீ என்ன சொல்ற?”

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. திட்டவும் தோன்றியது. திரிந்த பால் வாளியில் கிடந்தது, அதைப் பார்த்தேன். அண்ணியின் மிஷின் ஒன்றை நம்பி அந்த வீடு ஓடாது என்பதும் எனக்குத் தெரியும். நல்லவனாக இருப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது.

“போடு. அவங்க வந்தாத்தான் எனக்கும் டீ விக்கும்.”

அவன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனான். மறுநாளிலிருந்து புலி திரும்பி வந்துவிட்டது. ஜீப்புகளும் வந்தன. இப்போது என் பெஞ்சில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

போன வாரம் ஒரு குடும்பம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஆள் கிளாஸைக் கையில் வாங்கினதும் நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். அங்கே முன்பு யாரோ குடியிருந்திருக்கிறார்கள், அடுப்புக்கல் கூடக் கிடக்கிறது, அந்த அடுப்புமேலேயே புலி கால் வைத்து நடந்து போயிருக்கிறது என்றார். செல்போனில் படத்தையும் காட்டினார். என் அடுப்புதான். நான் மெழுகின தரைதான். அதன் நடுவில் என் அண்ணனின் கை.

“நல்ல வேளை, அங்க இருந்தவங்கள முன்னாடியே கிளப்பிட்டாங்க,” என்றாள் அந்த அம்மா. “இல்லன்னா பாவம், என்ன ஆகியிருக்குமோ.”

ஆமாங்க என்றேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.